மாமியாரோடு மூன்று சீட்டு

யுவ வருஷம், ஆடி 19. திருச்செங்கோடு.

இன்று பகலெல்லாம் மழை. தோட்டத்து வேலை நின்றுபோனதால் மாமியாரும் நாத்தனார் செல்லம்மாளும் நானும் மூன்று சீட்டு ஆடினோம். பணயம் வெறும் புளியங்கொட்டைதான். ஆனாலும் சீட்டிலிருந்து நான் தலையை நிமிர்த்தவே இல்லை. கல்யாணமாகி எட்டு மாதமாகியும் மாமியாரின் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. ஓமலூர் போய் அம்மாவைப் பார்த்துவரக் கேட்பதற்கும் பயம்.

கடைசி ஆட்டத்தில் எனக்கு வந்தவை ஒன்றுக்கும் ஆகாத சீட்டுகள். என்ன தோன்றியதோ, இருந்த கொட்டையையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டு மாமியாரையே பார்த்தேன். செல்லம்மாள் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டாள். மாமியார் வெகுநேரம் யோசித்தார். கையில் இரண்டு ராஜா இருந்தும் கீழே போட்டுவிட்டார்.

"நீயே எடுத்துக்க சாமி" என்றவர், என் சீட்டையும் புரட்டிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"ஏஞ்சாமி, இத்தன தைரியத்த எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?"

அந்தச் சூட்டோடு, "வெள்ளிக்கெழம எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க அத்தை" என்று சொல்லியே விட்டேன்.

"போயிட்டு வா. உங்கம்மா சீட்டாடுவாங்களா? ஆடுனா கையோட கூட்டிட்டு வா. நமக்கு ஒரு ஆளு கொறையுது."

அம்மாவுக்கு ஆர்ட்டின் ராணி எது, டைமன் ராணி எது என்றுகூடத் தெரியாது. போனதும் முதல் வேலையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.