சோளக்கொல்லையில் புதைத்த ஜட்டிகள்

ஜூன் 11, செவ்வாய்
நல்ல மழை. ஊர்க் கொல்லைகளில் வெள்ளைப் பருத்தி ஜட்டிகளைப் புதைத்து முடித்தேன். மண்ணில் உயிர் இருந்தால் இரண்டு மாதத்தில் தின்றுவிடும். செத்த மண் தொடாது.

ஜூன் 14
சோளத்துக்கு மண் அணைக்கும்போது தோன்யா நெரெய்தா ஒன்றைத் தோண்டி எடுத்துவிட்டார். நிலக் கமிட்டித் தலைவர் ஒடிலோனின் மனைவி. பெரியவர்களை இங்கே தோன், தோன்யா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். புருஷனுக்குச் செய்வினை வைத்தது எவள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார்.

துணி புதைக்கிறேன் என்றுதான் ஒடிலோனிடம் அனுமதி வாங்கினேன். என்ன துணி என்று சொல்லக் கூச்சம். இந்த மலையில் ஆம்பளை உள்ளாடையை மண்ணில் புதைத்தால் என்ன அர்த்தம்? மூன்று வருஷமாக இங்கே இருக்கிறவளுக்கு அதுகூடத் தெரியாதா? தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜூன் 16, ஞாயிறு
ஊர்க் கூட்டம். உண்மையைச் சொன்னேன்.

"எங்க மண்ணுல உசுரு இருக்கான்னு பாக்க எங்க மானத்தையா பொதைக்கணும்?" என்றார் ஒடிலோன்.

கிளம்பச் சொன்னார்கள். கிளம்பினால், இந்தச் சரிவில் மழைத்தண்ணீர் ஏன் மண்ணுக்குள் இறங்காமல் ஓடுகிறது என்ற என் ஆய்வு பாதியில் போச்சு. நெரெய்தா எழுந்தார்.

"அடுத்தவ பொதைச்சாத்தானே செய்வினை? அவங்கவங்க புருஷனோடத அவங்கவங்களே பொதைப்போம். எங்க வீட்டுக்காரரோடத நாளைக்கே தரேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்படியே புதைத்து, முடிவைப் பார்த்தபின் நான் இருக்கலாமா என்று தீர்மானிப்பார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாகத்தான் இருந்தது.

ஜூலை 20
மழை. எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 20
தோண்டினோம். எரு போட்டு, சோளத்தோடு பீன்ஸும் பூசணியும் விதைத்த கொல்லைகளில் இடுப்பு எலாஸ்டிக்தான் மிச்சம். வருஷாவருஷம் களைக்கொல்லி அடிக்கிற ஒடிலோன் கொல்லையில் முழுசாக வந்தது. அலசினால் போட்டுக்கொள்ளலாம். ஊரே பார்த்தது.

"இங்க ஒண்ணுமே இல்லையாம்மா?"

"ரொம்பக் கம்மி, தோன் ஒடிலோன். அதான் தண்ணியும் இறங்கல."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். தலைவரை ஊர் முன்னால் இப்படி நிறுத்திவிட்டு நான் எப்படி இங்கே இருப்பது?

செப்டம்பர் 1, ஞாயிறு
பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனேன். ஒடிலோனே முதலில் எழுந்தார்.

"என் கொல்லைய எடுத்துக்குங்க இன்ஜினியரம்மா. செத்தத எழுப்ப எவ்வளவு நாளாகும்னு பாருங்க."

"வருஷக்கணக்கா ஆகும்."

"ஆகட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 3
ஒடிலோன் கொல்லையில் ஆட்டுப்புழுக்கை கொட்டினோம். பெட்டியைப் பிரிக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.