செவ்வாய்க்கிழமை முறை

மார்ச் 3, செவ்வாய்
பழைய கிடங்கை இடித்த காலி இடத்தில் ஒன்பது கன்று வைத்து இன்றோடு ஒரு மாதம். ஏழு பேர், ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு சாவி, கன்றுக்கு ஒரு வாளி. பட்டியல் எழுதி வேலிக் கதவில் கட்டியது நான். தையல் மெஷின் போட்டிருக்கும் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிவதால் கண்காணிப்பும் என் தலையில். நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது என்கிறார் வீட்டுக்காரர். ஏப்ரல் பத்தாம் தேதி நகராட்சியிலிருந்து வந்து பார்ப்பார்கள். பாதிக்கு மேல் பிழைத்திருந்தால் இடம் எங்களுக்கு. இல்லையென்றால் கார் நிறுத்தப் போய்விடும்.

மார்ச் 9, திங்கள்
மூலையில் இருக்கும் அத்திக்கன்று வாடுகிறது. இன்று வங்கிக் காசாளர் முறை. மனசு கேட்கவில்லை, அவர் போனபின் நானும் ஒரு சுற்று ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகம் தொங்கிவிடும்.

மார்ச் 12
இன்றும் ஊற்றினேன். இனி தினமும்தான் போலிருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்
முடிவெட்டுபவர் முறை. வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், போய்விட்டார். வாளியைத் தொடவே இல்லை. அத்தியில் பாதி இலை மஞ்சள், இவருக்கு என்ன அவசரம்? வந்த ஆத்திரத்தில் சட்டைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். பிறகு நானே இறங்கிப்போய் எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு வாளி.

மார்ச் 22, ஞாயிறு
வேலியோரம் கூட்டம். அத்தி போய்விட்டது, இன்னும் இரண்டும் போய்விட்டன. "செவ்வாய்க்கிழமை சிலருக்கு லீவு போல" என்றேன்.

"மண்ணு ஈரமா இருந்துச்சுக்கா. அதான் ஊத்தல" என்றார் முடிவெட்டுபவர்.

"சாக்குக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. முடியலைன்னா விட்டுடுங்க தம்பி, நாங்க பாத்துக்கறோம்."

சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். என் நாத்தனார் முதல் எல்லோரும் எனக்குத் தலையாட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது?

மார்ச் 29, ஞாயிறு
செத்த அத்தியைப் பிடுங்கினேன். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்தது. வேர் கறுத்து, கொழகொழவென்று, சாக்கடை வாடை. குழியில் தண்ணீர் நிற்கிறது. மழை பெய்து எத்தனை மாசம் ஆச்சு? இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு? நான் ஊத்துனதுதானே — ஆனா நான் ஒருத்தி ஊத்தி இவ்வளவு நிக்குமா?

மார்ச் 30
நாத்தனாரிடம் போய் ஒப்புக்கொண்டேன். சிரிப்பாள் என்று பார்த்தால் அவள் முகம் வெளுத்தது.

"அண்ணி, நானும் தினம் காலையில நடக்கப் போறப்ப ஊத்திட்டுத்தான் வரேன். நீங்கல்லாம் ஒழுங்கா ஊத்த மாட்டீங்கன்னு நினைச்சேன்."

காசாளருக்குப் போன் போட்டோம். அவரும் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது ஊற்றுகிறாராம். இன்னும் யாராவது இருக்கலாம், கேட்கத் தெம்பில்லை. ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல் எல்லாவற்றையும் முக்கியிருக்கிறோம். மண்ணைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆளை நான் விரட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 31, செவ்வாய்
சலூனுக்குப் போனேன். நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு, பெஞ்சில் மூன்று பேர். நான் ஏசியதும் நாலு பேர் முன்னால்தானே, அதனால் காத்திருக்கவில்லை.

"தம்பி, தப்பு என்மேலதான். தண்ணிய ஊத்தி ஊத்தி நாங்கதான் சாகடிச்சோம்."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. கன்னத்து நுரையை வழித்துக்கொண்டே, "மிச்சம் எத்தனைக்கா?" என்றார்.

"ஆறு. அதுலயும் ரெண்டு சந்தேகம்."

"பத்து நாளைக்கு யாரும் வாளியத் தொடாதீங்க."

சாவியைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுக்கவும் இல்லை.

ஏப்ரல் 4
சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா? வீட்டுக்காரர் நம் வீட்டு வாளியைக்கூட ஒளித்து வைத்திருக்கிறார். எங்கே என்று எனக்குத் தெரியும். தொடவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி
நகராட்சி அதிகாரி வந்தார். எண்ணினார். ஐந்து உயிரோடு இருக்கிறது. ஒன்று துளிரே விட்டிருக்கிறது. "மத்ததெல்லாம் தண்ணி பத்தாமப் போச்சா?" என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். இடம் எங்களுக்குத்தான். சந்தோஷம்தான், ஆனால் முடிவெட்டுபவர் வரவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்
காலையில் வேலிக் கதவு திறக்கும் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தேன், முடிவெட்டுபவர். ஒவ்வொரு கன்றடியிலும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். வாளியைக் கவிழ்த்து வைத்தார். ஒரு சொட்டும் ஊற்றாமல் கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

நான் ஊசியில் நூல் கோத்தேன். மதியம் வரை எழுந்திருக்கவில்லை.