முப்பதாவது ஹேங்கர்

பெர்கன்,
செப்டம்பர் 9

அன்புள்ள ஈவார்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் இருவரும் வானிலையைத் தாண்டி ஒன்றும் பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. சோம்பேறித்தனம் வேண்டாம்.

துறைமுக அலுவலகத்தில் மேசை கொடுத்துவிட்டார்கள். தங்கியிருக்கும் அறை சின்னது. அலமாரி இல்லை. சுவருக்குச் சுவர் ஒரு மரக்கழி, அதில் நான் வாங்கி மாட்டிய முப்பது ஹேங்கர். நான்கு பருவத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். கருப்பு, சாம்பல், கருநீலம், சாயம் போடாத கம்பளி வெள்ளை. எதை எடுத்து எதோடு போட்டாலும் பொருந்துகிறது. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். இது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். எட்டு மூட்டைத் துணியைத் தானத்துக்குக் கொண்டுபோன அன்றும் சிரித்தாய். ஒரு வருடம் தள்ளி இருந்து எனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று பார்க்கப் போகிறேன் என்றதும்தான் சிரிப்பு நின்றது. "துணியிலயா, என்கிட்டயா?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்ததும் முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

இலையுதிர் காலத்துக்கான பதினொன்றை மட்டும் கொண்டுவந்தேன். மற்றவை நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் மூன்று பைகளில் இருக்கின்றன. பருவத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும்போது அனுப்பு. மே பதினேழுக்குப் போடும் பாரம்பரிய உடை பெட்டியிலேயே இருக்கட்டும். அது கணக்கில் சேராது. தேசிய நாளுக்கு எப்படியும் அங்கே வந்துவிடுவேன்.

ஒரே ஒரு குறை. சாம்பல் நிற ஸ்வெட்டரைக் காணோம். நீ கால் ஒடிந்து கிடந்த குளிர்காலத்தில் பின்னினாயே, இடது கை இரண்டு விரல் நீளமாக, அதுதான். பட்டியலில் முதலில் எழுதியதே அதைத்தான். கொஞ்சம் தேடிப் பார்.

சுன்னிவா

———

ரோரோஸ்,
செப்டம்பர் 16

அன்புள்ள சுன்னிவா,

எனக்கு எழுத வராது, உனக்கே தெரியும். இருந்தாலும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்வெட்டரை எல்லா இடத்திலும் தேடிவிட்டேன். அலமாரியில் இல்லை, பரணில் இல்லை, காரின் பின்பக்கமும் இல்லை. ஃப்ரீசரில் எல்க் மான் கறியும் ரொட்டியும் தவிர ஒன்றும் இல்லை. தானத்துக்குப் போன மூட்டையில் கலந்துவிட்டதோ என்னவோ. கிறிஸ்துமஸுக்கு வந்து நீயே தேடிப் பார். எனக்குப் பொருள் தேடத் தெரியாது என்று இருபத்தாறு வருடமாகச் சொல்கிறாய்.

முப்பது துணி போதும் என்கிறாய். எனக்கு வேலைக்கு இரண்டு கால்சட்டை, சவ அடக்கத்துக்கு ஒரு கோட்டு. அப்படிப் பார்த்தால் உன் கொள்கைக்கு நான்தான் முன்னோடி.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. இது வானிலை இல்லை, கவனித்துக்கொள்.

ஈவார்

———

பெர்கன்,
நவம்பர் 2

அன்புள்ள ஈவார்,

பதினேழு நாளாக விடாத மழை. இங்கே யாரும் குடை பிடிப்பதில்லை. காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். மழைக்கோட்டு ஒன்றே ஒன்று. அதிலேயே அலுவலகம், கடை, விருந்து எல்லாம். "உங்களை இருட்டுலகூட அடையாளம் தெரியுது" என்கிறாள் பக்கத்து மேசைக்காரி.

குளிர்காலப் பையை அனுப்பு. கம்பளி உள்ளுடை இரண்டு செட், கனமான கோட்டு, கறுப்புக் கால்சட்டை, எல்லாம் சேர்த்து எட்டு இருக்கும். எண்ணிப் பார்த்து அனுப்பு.

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. ஆரம்பித்ததைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் பிறகு எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. நீ வரலாம். பட்டியலில் விருந்தாளிக்கு இடமில்லை என்று எங்கும் எழுதவில்லை. பையைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்றும் இல்லை.

சுன்னிவா

———

ரோரோஸ்,
நவம்பர் 8

அன்புள்ள சுன்னிவா,

பை கிடைத்திருக்கும். எட்டும் இருக்கிறதா என்று இரண்டு தடவை எண்ணினேன். கடிதம் வந்த மறுநாளே மளிகைக் கடையில் தபாலுக்குக் கொடுத்துவிட்டேன். கவுண்டரில் குன்வோர். உன் பெயரைப் பார்த்ததும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்னப்பா, பொண்டாட்டியத் தவணை முறையில அனுப்பிட்டு இருக்கியா?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வரச் சொல்கிறாய். முப்பத்தெட்டு சென்டிமீட்டர் பனி விழுந்திருக்கிறது. விடிவதற்குள் நான் வண்டியை எடுத்துப் பனியை வாரித் தள்ளாவிட்டால் பள்ளிப் பேருந்து வராது. எனக்குப் பதிலாக ஓட்ட ஆள் கேட்டால் கிடைப்பான். ஆனால் கேட்டுப் பழக்கமில்லை. பனி விடட்டும், வருகிறேன்.

ஈவார்

———

பெர்கன்,
ஜனவரி 14

அன்புள்ள ஈவார்,

பனி மே மாதம் விடும். அதற்குள் எனக்கு ஐம்பத்து மூன்று வயது ஆகிவிடும்.

கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து மேசைக்காரி வீட்டில் ஆட்டு விலா சாப்பிட்டேன். கருநீல உடையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். வேறு என்ன இருக்கிறது? நன்றாக இருந்தது. உன்னைக் கேட்டார்கள். பனி வாருகிறார் என்றேன்.

நான் என்னவெல்லாம் தெரிந்துகொண்டேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முப்பதே அதிகம். இருபதில் பழகிவிடலாம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் கழியின் கடைசியில் ஒரு ஹேங்கரைக் காலியாகவே விட்டிருக்கிறேன். சாம்பல் ஸ்வெட்டரின் இடம் அது. அதில் வேறு எதையும் மாட்ட மனம் வரவில்லை. இன்னொரு தடவை தேடு, ஈவார். நன்றாகத் தேடு. கிடைத்தால் தபாலில் போடாதே.

சுன்னிவா

———

ரோரோஸ்,
ஜனவரி 25

அன்புள்ள சுன்னிவா,

மறுபடியும் தேடினேன். இல்லை.

நேற்று மைனஸ் முப்பத்து நான்கு. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சரி, இது வானிலைதான். மன்னித்துவிடு.

ஈவார்

———

பெர்கன்,
மார்ச் 20

அன்புள்ள ஈவார்,

மீதி இரண்டு பைகளையும் சேர்த்தே அனுப்பிவிடு. வசந்தத்துக்கு நான்கு, கோடைக்கு ஆறு. ஈஸ்டர் ஏப்ரல் ஐந்தாம் தேதி. எல்லோரும் மலைக்குப் போகிறார்கள். நான் இங்கேயே இருப்பேன். சனிக்கிழமை ரயில் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வருகிறது. தகவலுக்காக எழுதினேன்.

சுன்னிவா

———

ரோரோஸ்,
ஏப்ரல் 12

அன்புள்ள சுன்னிவா,

பைகளை அனுப்பிவிட்டு வந்து அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் ஒன்றும் இல்லை. நீ ஒரு நாளில் போகவில்லை. ஒவ்வொரு பருவமாகப் போனாய். ஒவ்வொரு தடவையும் பையைக் கட்டி, முகவரி எழுதி அனுப்பியவன் நான்தான். குன்வோர் சொன்னபோது சிரித்தேனே, அது இப்போதுதான் உறைக்கிறது.

ஈஸ்டர் சனிக்கிழமை ரயில் நிலையம் வரை போனேன். நின்றேன். திரும்பிவிட்டேன். நீ வா என்று நேராக எழுதவில்லை, நான் வந்து நின்றால் உன் முகம் எப்படிப் போகுமோ என்று பயந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் ஸ்வெட்டர் ஃப்ரீசரில் இருக்கிறது. நீ போன மூன்றாவது நாள், ரொட்டி எடுக்கும்போது பார்த்தேன். அந்துப்பூச்சி சாகட்டும் என்று வருடா வருடம் செய்வதுபோல நீலப் பையில் போட்டு வைத்திருந்தாய். நான் தெரிந்தே பொய் சொன்னேன். முப்பதும் சேர்ந்துவிட்டால் உனக்கு இங்கே ஒன்றும் பாக்கி இருக்காது. ஒன்று குறைந்தால் அதைத் தேடியாவது வருவாய் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். தினமும் ரொட்டிக்காகத் திறக்கும்போது அது அங்கேதான் இருந்தது.

எனக்கு நீ வேண்டும். இதை இருபத்தாறு வருடத்தில் வாய் திறந்து சொன்னதில்லை, இப்போதும் எழுதித்தான் சொல்கிறேன். மே ஒன்பதாம் தேதி பனி வாரும் வண்டியை ஒப்படைத்துவிட்டு ஸ்வெட்டரோடு வருகிறேன். தபாலில் போட மாட்டேன்.

உன்
ஈவார்

———

பெர்கன்,
ஏப்ரல் 19

அன்புள்ள ஈவார்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இதைச் செப்டம்பரில் எழுதியிருந்தால் அந்த வாரமே ரயில் ஏறியிருப்பேன். ஜனவரியில் எழுதியிருந்தாலும்.

ஸ்வெட்டர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மறந்துதான் விட்டுவந்தேன், வரும் வழியில் ரயிலிலேயே ஞாபகம் வந்துவிட்டது. ரொட்டிக்கு மேலேயே வைத்திருந்தேன். பார்ப்பான், கையில் எடுத்துக்கொண்டு வருவான் என்று நினைத்து, தேடு என்று மட்டும் எழுதினேன். நீ ஃப்ரீசரில் ஒன்றும் இல்லை என்று பதில் போட்டாய். ஃப்ரீசரைப் பற்றி நான் கேட்கவே இல்லையே, ஈவார். அன்றைக்கே புரிந்துவிட்டது. கோபம் வரவில்லை. வைத்துக்கொள்ள நினைக்கிறவன் கொண்டுவரவும் செய்வான் என்று காத்திருந்தேன். நானும் நேராகக் கேட்டிருக்கலாம். அந்தத் தப்பு என்னுடையது.

ஈஸ்டர் சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு நானும் நிலையத்தில் நின்றேன். கடைசிப் பெட்டி காலியாகும்வரை நின்றேன். மறுநாள் முழுக்க அழுதேன். திங்கட்கிழமை கடைகள் மூடியிருந்தன. செவ்வாய்க்கிழமை வடக்கிலிருந்து காற்று. துறைமுகத்தில் நிற்க முடியவில்லை. கடைக்குப் போய் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் வாங்கினேன். இரண்டு கையும் ஒரே நீளம். முப்பதாவது ஹேங்கரில் மாட்டிவிட்டேன். சட்டம் உனக்குத் தெரியும்.

பழையதை ஃப்ரீசரிலிருந்து எடுத்து நீ போட்டுக்கொள். உன் அளவுக்குச் சரியாக இருக்கும். சுடுநீரில் போடாதே. பிழியாமல் துண்டின் மேல் பரப்பிக் காய வை.

மே ஒன்பதாம் தேதி வர வேண்டாம். பெட்டியில் இருக்கிற மே பதினேழு உடையை மட்டும் அனுப்பிவிடு. அதைத் தபாலில் போடலாம்.

சுன்னிவா