தீர்த்தத்தில் நனையாத கால்கள்

அன்புள்ள அக்கா,

ஜெர்மனியில் இந்தக் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்த நாளிலிருந்து உங்களைத்தான் கூடப்பிறந்தவளாக நினைத்திருந்தேன்.

தீர்த்தத் திருவிழாவன்று ஆற்றில் இறங்கத் தயங்கினேன். "பயப்பிடாதேங்கோ, எங்கட ஃபாக்டரிக் கழிவுத்தண்ணியை நான்தானே பரிசோதிக்கிறன், சுத்தமாத்தான் ஆத்தில விடுறம்" என்றீர்கள். என் சின்னவள் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தாள்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழங்களோடு வந்தீர்கள். அவளுக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று மட்டும் கேட்கவில்லை.

நேற்றுத்தான் திருவிழாப் படங்களைப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் நனைந்து நிற்கிறார்கள். உங்கள் மகள் மட்டும் உங்கள் தோளில், சப்பாத்துக்கூடக் கழற்றாமல்.

வியாழக்கிழமை சுற்றாடல் அலுவலகத்தில் அதிகாரியைச் சந்திக்க எனக்கு டெர்மின் கிடைத்திருக்கிறது. ஃபாக்டரி மீது முறைப்பாடு கொடுக்கிறேன். பரிசோதித்தது யார் என்று கேட்பார்கள், சொல்வேன். தண்ணீர் கெட்டது என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டால், படத்தில் அந்தச் சப்பாத்தைக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உங்களுக்குத் தங்கையாக இருந்தவள்