ஏழாம் எண் கேமரா

ராதிகா ஆற்றுப் பள்ளத்தாக்கு,
மே 3, ஞாயிறு

அன்புள்ள நவுமுக்கு,

வெலிகா எழுதுவது. நானும் நம் மகள் யானாவும் நலம். லுப்லியானாவில் நீ வேலை செய்யும் கட்டடம் எத்தனை மாடி ஏறியிருக்கிறது?

நெவெனாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். நாங்கள் ஆய்வுக்காகக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்த பெண் லின்க்ஸ் காட்டுப்பூனை. ஆற்றைக் கடந்து இந்தக் கரைக்கு வந்த முதல் பெண் அவள்தான். இதற்கு அப்பால் அந்த இனமே இல்லை. வயிற்றில் குட்டிகள் வேறு. ஈஸ்டர் முடிந்த செவ்வாயிலிருந்து பட்டையின் சிக்னல் ஒரே இடத்தைக் காட்டியது. பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். கல்லுக்கடியில் பட்டை மட்டும் கிடந்தது. தானாக விழுந்திருந்தால் பூட்டு திறந்திருக்கும். இது கத்தியால் அறுத்தது.

ஊரே உன் அண்ணன் ஸ்தாமெனைத்தான் சொன்னது. நானும்தான். மார்ச்சில் அவருடைய இரண்டு ஆட்டுக்குட்டிகள் போனபோது, அதைச் சுட்டுவிடுவேன் என்று காபிக்கடையில் கத்தினாரே. நேரில் போய்க் கேட்டேன். "ஏம்மா, உன் பூனைக்கு நான்தான் காவலா? காணோம்னா மட்டும் என் வாசலுக்கு வந்துடுற!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தேகம் கூடியது. போலீஸ் கேட்டபோது அவர் பெயரைச் சொன்னேன். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நேற்று பள்ளத்துக்கு மேலே நாங்கள் மாட்டியிருக்கும் ஏழாம் எண் கேமராவின் மெமரி அட்டையை எடுத்துவந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். அதே செவ்வாய், காலை ஒன்பது மணி. முதுகில் சாக்கோடு ஒருவன் போகிறான். முகம் தெரியவில்லை. மேல்கோட்டு தெரிகிறது. முழங்கையில் நான் போட்ட ஒட்டும் தெரிகிறது.

அன்று மீன் பிடிக்கப் போகிறேன் என்றாய். வெறுங்கையோடு வந்தாய். உன் சட்டையை நீயே துவைத்தாய். யானா கேலி செய்ததற்கு, "அப்பாவும் கத்துக்கணும்ல" என்றாய். நானும் சிரித்தேன். மறுநாளே, விடுமுறை மூன்று நாள் மிச்சமிருக்க, கிளம்பிவிட்டாய்.

படத்தை யாருக்கும் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் ஆய்வுத் தலைவர் இலின்கா வருகிறார். எல்லா அட்டைகளும் அவர் கைக்குப் போகும். ஒன்றை மட்டும் ஒளித்துவைக்க என்னால் முடியும். நேற்றுவரை அப்படி ஒன்றை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

கண்ணியில் ஏற்கெனவே செத்துக் கிடந்தது, பயந்துபோய்ப் பட்டையை அறுத்தேன் என்று நீ சொன்னால் நம்பிவிடுவேன். அதனால்தான் போன் செய்யவில்லை. கடிதத்தை லுப்லியானா போகும் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதாதே. வியாழனுக்குள் வா. முதலில் உன் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டு, பிறகு நம் வீட்டுக்கு வா. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இன்னும் உன்,
வெலிகா