முதல் வரியில் கேட்க வேண்டியது

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஆங்கில வகுப்பில், துறைத் தலைவரிடம் அவகாசம் கேட்டு மெயில் எழுதச் சொன்னார்கள். நான் அவர் நலம், வீட்டார் நலம் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தேன். ஆசிரியை அதைத் திரையில் போட்டுக் காட்ட, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

பக்கத்தில் இருந்த நம்ம ஊர்க்காரப் பெண், "என்ன வேணுமோ அதை மொதல் வரியிலேயே கேட்டுடணும்டி. சுத்தி வளைச்சா மார்க் போச்சு" என்றாள். போய்த்தான்விட்டது. இந்தத் தடவையும் ஆங்கிலத் தேர்வில் தேறவில்லை. தேறாதவர்களின் ஆய்வேட்டை வாங்கமாட்டார்களாம். அது கிடக்கட்டும்.

அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், தலையணைக்குச் சுற்றிக்கொள்ள. துவைக்க வேண்டாம். நான் போனில் பேசும்போது மிக்சியை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்தச் சத்தமும் கேட்கட்டும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மேலே, உங்கள் வலியை விசாரிப்பதற்கு முன்னால் மையால் அடித்திருக்கும் வரியில் ஒன்றுமில்லை. வகுப்பில் சொன்னபடி ஆரம்பித்துப் பார்த்தேன். அதை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதீர்கள், அப்பா.

உங்கள் மகள்