ஐந்தாம் மாடியின் மூன்று விசிறி

9/6, திங்கள்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. வாசுகி தன் ஊறுகாய் வீடியோவை வெட்டி ஒட்ட மறுபடியும் ஐந்தாம் மாடி நவ்ஷாத் வீட்டுக்கு. ஒரு வாரத்தில் நான்காவது தடவை. அவன் கம்ப்யூட்டரில் புது கிராஃபிக்ஸ் கார்டு. மூன்று விசிறி, கலர் லைட். நம் வீட்டு டெஸ்க்டாப்புக்குப் பத்து வயது. வீடியோவைத் திறந்தால் மாங்காய் ஓரிடத்தில், கத்தி ஓரிடத்தில், அப்படியே நிற்கும்.

“அங்க சும்மா ஸ்மூத்தா ஓடுதுங்க” என்கிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. ந.வின் மனைவி ஷமீம் டீ வேறு போட்டுத் தருகிறாளாம்.

முடிவு: கார்டு வாங்குவது. மனைவியை மீட்பது.

10/6, செவ்வாய்
வெயில். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். தூசி, ஒரு கரப்பான் (காலமானது). வா.வின் தையல் டேப்பால் உள்ளே இடம் அளந்தேன். பெட்டிக்கு இடுப்பு ஒடுக்கம். எனக்கு நேர்மாறு.

மாலை லிட்டில் இந்தியா. பலசரக்குக் கடைக்கு மேலே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை.

“மூணு விசிறி வச்சது குடுங்க.”

“உங்க பவர் சப்ளை தாங்காது லா, அண்ணே. பெட்டியும் மூடாது. தனியா கரண்ட் வயர் கேக்காத சின்ன கார்டு இருக்கு. வீடியோ வெட்ட இது போதும்.”

“எத்தனை விசிறி?”

“ஒண்ணு.”

மனசு ஒடிந்தது. வாங்கினேன்.

“மானிட்டர் வயரை இந்த கார்டுல குத்துங்க. பழைய இடத்துலயே குத்திட்டு கார்டு சரியில்லன்னு வந்துடாதீங்க. பாதிப் பேர் அப்படித்தான்.”

11/6, புதன்
மாட்டியாயிற்று. ஓடுகிறது! மாங்காயும் கத்தியும் சேர்ந்தே நகர்கின்றன. வா.விடம் சொன்னேன். “அப்படியா, நல்லது” என்று பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்கே போனாள். செருப்பு மாட்டிய வேகம்!

12/6, வியாழன்
புழுக்கம். ந. வீட்டுக்கு உளவு பார்க்கப் போனேன். சாக்கு: அவர்கள் டிபன் கேரியரைத் திருப்பித் தருவது. “வாங்கண்ணே, கார்டைப் பாருங்க” என்றான். குனிந்து பின்பக்கம் பார்த்தேன். மானிட்டர் வயர் கார்டில் இல்லை! மேலே, கடைக்காரர் சொன்ன அதே பழைய இடத்தில். புதுப் பெட்டி என்பதால் கார்டு இல்லாமலே ஓடியிருக்கிறது. மூன்று விசிறியும் இத்தனை நாள் கல்யாண வீட்டு சீரியல் லைட்.

“படம் கிளியரா இருக்குல்லண்ணே?”

“பிரமாதம்” என்றேன். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

லிஃப்டில் தனியாகச் சிரிப்பு. நம் எட்டாவது மாடி வந்ததும் சிரிப்பு நின்றது. அங்கே கார்டே வேலை செய்யவில்லை. நம் வீட்டிலும் இப்போது ஓடுகிறது. பிறகு இவள் எதற்கு அங்கே போகிறாள்?

கேட்டேவிட்டேன். வா. வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

“அங்க யாரும் பின்னாடி நின்னு பேசறதில்லைங்க.”

“நான் என்ன பேசறேன்?”

“என் குரல் எம்ஆர்டி ரயில் அறிவிப்பு மாதிரி இருக்குன்னீங்க. மாங்காய் எது, விரல் எதுன்னு கேட்டீங்க. எல்லாம் ஜோக்குதான், தெரியும். ஷமீம் சிரிக்க வேண்டிய இடத்துல மட்டும் சிரிக்கிறா.”

பதிலுக்கு ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. நல்ல ஜோக். விழுங்கினேன்.

13/6, வெள்ளி
தூறல். வா. இன்று வீட்டிலேயே வேலை. நிபந்தனை: அறைக்குள் நான் வரக் கூடாது. ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு பாதி சாத்தியிருக்கிறது. உள்ளே தனியாக எதையோ பார்த்துச் சிரிக்கிறாள். என்னவென்று கேட்கவும் கூடாதாம். மறுபடியும் சிரிக்கிறாள். நான் சொன்ன எதற்கும் இவ்வளவு நேரம் சிரித்ததில்லை.